கிரஹாம் பெல் நடத்திய பறக்கும் சங்கம்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் கிரஹாம் பெல். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். அதே பெல், தமது 60-வது வயதில், நாலு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பறக்கும் சங்கம் நடத்தினார். இது பலருக்குத் தெரியாது.

அந்தச் சங்கம் ஒன்றரை வருஷந்தான் இருந்தது. அதற்குள் நாலு விமானங்களைச் செய்து பறக்க விட்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒருவர் பொறுப்பாளி. ஆனால் விமானம் எல்லோருக்கும் பொது. முறை வைத்து ஏறிப் பறப்பார்கள். உடைந்தால் நஷ்டமும் பொது. கற்றுக்கொண்ட பாடமும் பொது.

விமானம் என்றால் என்னவென்றே ஜனங்களுக்குத் தெரியாத காலம் அது. அப்போது இப்படி ஒரு சங்கத்தை நடத்துவது எளிதான காரியமா?

காது கேளாதோரின் ஆசிரியர்

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1847-ம் வருஷம் மார்ச் 3-ந் தேதி ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் பிறந்தார். தந்தை பேச்சுப் பயிற்சி ஆசிரியர். தாய்க்குக் காது சரியாகக் கேட்காது.

பெல்லுடன் பிறந்த சகோதரர்கள் இருவர். இருவரையும் காசநோய் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-ல் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கடல் கடந்து கனடாவில் குடியேறினார்கள்.

அங்கிருந்து பெல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் போனார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் மேபெல் ஹப்பர்ட். ஐந்து வயதில் வந்த கடுமையான ஜுரத்தால் கேட்கும் சக்தியை இழந்தவர் அவர். ஆனாலும் மற்றவர்களின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்.

1876-ல் பெல்லுக்கு டெலிபோனுக்கான பேட்டண்ட் கிடைத்தது. பேட்டண்ட் என்றால், கண்டுபிடித்தவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் கொடுக்கும் உரிமை. அடுத்த வருஷம் பெல்லும் மேபெலும் மணந்துகொண்டார்கள். டெலிபோன் கம்பெனியில் தமக்கு இருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவை எல்லாவற்றையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார் பெல்.

செல்வம் வந்தது. கூடவே வழக்குகளும் வந்தன. டெலிபோனை முதலில் கண்டுபிடித்தவர் தாமே என்று பலர் கிளம்பினார்கள். சுமார் 600 வழக்குகள்! அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. பேட்டண்ட் நிலைத்தது. ஆனால் கோர்ட்டு வாசலில் சாட்சி சொல்லிச் சொல்லியே பெல்லின் இளமைக் காலம் கரைந்தது. ஒரு கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற சண்டை எவ்வளவு கசப்பானது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று.

பட்டம் விட்ட பெரியவர்

கனடாவின் கிழக்குக் கோடியில் கேப் பிரெட்டன் என்று ஒரு தீவு. அதில் பாடெக் என்ற சிற்றூர். பக்கத்தில் கடல் போன்ற பெரிய ஏரி. அந்த ஏரிக்கரையில் ஒரு குன்றின்மேல் பெல் வீடு கட்டிக்கொண்டார். கோடைகாலத்தை மனைவி, மகள்களுடன் அங்கேதான் கழிப்பார்.

அங்கே அவருக்குப் பிடித்த வேலை பட்டம் விடுவது. விளையாட்டுப் பட்டம் அல்ல. மனிதனைத் தூக்கிச் செல்லும் பட்டம்! முக்கோணங்களால் ஆன சின்னச் சின்னக் கூடுகளைச் செய்து, பட்டுத் துணி போர்த்தி, நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைத்தார். அவை தேன்கூடு போல இருந்தன. காற்றில் அசையாமல் நின்றன. இதில் ஒரு என்ஜினை வைத்தால் ஆபத்தில்லாத விமானம் கிடைக்கும் என்று அவர் நம்பினார்.

ஆபத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய நண்பர் லாங்லி பெரிய விஞ்ஞானி. 1896-ல் லாங்லி செய்த ஆளில்லாத சிறு விமானம் பறந்ததை பெல் நேரில் பார்த்தார். ஆனால் 1903-ல் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பெரிய விமானம் இரண்டு தடவையும் ஆற்றில் விழுந்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. லாங்லி மனம் நொந்து 1906-ல் காலமானார்.

லாங்லியின் விமானம் இரண்டாவது தடவை விழுந்த ஒன்பதாம் நாள், 1903 டிசம்பர் 17-ந் தேதி, ரைட் சகோதரர்கள் பறந்து காட்டினார்கள். ஆனால் வேறு யாராவது தங்கள் முறையைக் காப்பி அடித்துவிடுவார்களோ என்று பயந்து, சில வருஷங்கள் வரை விமானத்தை வெளியார் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள்.

மனைவி சொன்ன யோசனை

1907-ல் பெல்லின் வீட்டில் நாலு இளைஞர்கள் கூடியிருந்தார்கள்.

ஒருவர் மக்கர்டி. வயது 21. பாடெக் ஊர்ப் பிள்ளை. அவருடைய தந்தை பெல்லின் காரியதரிசியாக இருந்தவர். இரண்டாமவர் பால்டுவின். மக்கர்டியோடு டொரான்டோவில் படித்த இன்ஜினீயர். மூன்றாமவர் செல்ப்ரிட்ஜ். அமெரிக்க ராணுவத்தில் லெப்டினன்ட். விமானம் பற்றிக் கற்க ஆசைப்பட்டவர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் பெல் கேட்டதன்பேரில் ராணுவம் அவரை அனுப்பிவைத்தது.

நாலாமவர் கர்ட்டிஸ். நியூயார்க் ராஜ்யத்தில் ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் செய்து விற்றவர். அந்த வருஷம் ஜனவரியில் தாமே செய்த மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டியவர். அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் என்ஜின் விஷயத்தில் கைதேர்ந்தவர். அவருடைய தங்கைக்கும் காது கேளாது. ஆகவே பெல் வீட்டில் அவருக்குத் தனிப் பரிவு கிடைத்ததில் வியப்பில்லை.

பெல் மற்ற மூன்று பேருடனும் கர்ட்டிஸுடனும் இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். பேச்செல்லாம் விமானம்தான். மேபெல் இதைக் கவனித்தார். வெறும் பேச்சாகப் போய்விடக் கூடாது, ஒழுங்கான சங்கமாக அமைக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். பணத்துக்கு என்ன வழி? அதையும் அவரே சொன்னார். தமது சொந்தப் பணத்திலிருந்து 20,000 டாலர் கொடுக்க முன்வந்தார்.

1907 அக்டோபர் 1-ந் தேதி சங்கம் நடைமுறைக்கு வந்தது. பெயர், ஆகாயப் பரிசோதனைச் சங்கம். பெல் தலைவர். செல்ப்ரிட்ஜ் காரியதரிசி. மக்கர்டி பொக்கிஷதார். பால்டுவின் தலைமை இன்ஜினீயர். கர்ட்டிஸ் பரிசோதனைகளின் டைரக்டர். கர்ட்டிஸுக்குத் தொழிற்சாலை இருந்ததால் வருஷத்துக்கு 5,000 டாலர் சம்பளம். பால்டுவினுக்கும் மக்கர்டிக்கும் தலைக்கு 1,000 டாலர். பெல்லும் செல்ப்ரிட்ஜும் சம்பளம் வாங்கவில்லை.

சங்கத்தின் ஆயுள் ஒரு வருஷம் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். முதலில் பெல்லின் பட்டம். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு விமானம். யாருடைய முறையோ அவர் சொன்னபடி மற்றவர்கள் உழைக்க வேண்டும். கிடைக்கும் லாபம் எல்லாம் கூட்டுச் சொத்து. டெலிபோன் வழக்குகளில் அடிபட்டவர் அல்லவா? இந்தத் தடவை பங்கு பிரிக்கும் விஷயத்தை பெல் முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொண்டார்.

தண்ணீரில் விழுந்த பட்டம்

டிசம்பர் 6-ந் தேதி பெல்லின் பெரிய பட்டம் தயாராயிற்று. அதில் 3,393 கூடுகள்! சிவப்புப் பட்டுத் துணி போர்த்தியிருந்தது. செல்ப்ரிட்ஜ் அதன் நடுவில் படுத்துக்கொண்டார். நீராவிப் படகு ஒன்று கயிற்றால் கட்டி ஏரியில் இழுத்துச் சென்றது.

பட்டம் எழும்பியது. 168 அடி உயரம் போயிற்று. ஏழு நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றது. பிறகு காற்றுக் குறைந்து மெல்லத் தணிந்தது. மிகவும் மெதுவாக இறங்கியதால், தண்ணீரைத் தொட்டது செல்ப்ரிட்ஜுக்கே தெரியவில்லை. கயிற்றை அறுக்க வேண்டிய சமயத்தில் அறுக்கவில்லை. படகு இழுத்த இழுப்பில் பட்டம் சிதறிப் போயிற்று. பனிக்காலத்து ஏரியில் நீந்திய செல்ப்ரிட்ஜைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

பல வருஷத்து உழைப்பு சில நொடிகளில் போய்விட்டது. ஆனாலும் பெல் தமது பட்டத்தையே மறுபடி கட்ட வேண்டும் என்று பிடிவாதம் செய்யவில்லை. அடுத்த முறை செல்ப்ரிட்ஜுடையது. சங்கம் கர்ட்டிஸின் ஊருக்கு இடம் மாறியது.

ஒரே வாரத்தில் நாலு பேர்

செல்ப்ரிட்ஜின் விமானத்துக்கு, பட்டத்தில் போர்த்தியது போக மீந்த சிவப்புப் பட்டைப் பயன்படுத்தினார்கள். அதனால் அதன் பெயர் சிவப்புச் சிறகு. 1908 மார்ச் 12-ந் தேதி உறைந்த ஏரியின் பனிமேல் அதை நிறுத்தினார்கள். செல்ப்ரிட்ஜ் ராணுவ வேலையாக வெளியூர் போயிருந்தார். பனி உருகிவிடும். காத்திருக்க நேரமில்லை. ஆகவே பால்டுவின் ஏறினார். ஊர் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க விமானம் சுமார் 319 அடி பறந்தது.

ஐந்து நாள் கழித்து மறுபடி பறந்தபோது காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. விமானம் சாய்ந்து விழுந்து நொறுங்கியது. பால்டுவின் தப்பினார்.

ஏன் விழுந்தது? சாய்ந்த விமானத்தை நிமிர்த்த வழி இல்லை. இறக்கைகளின் நுனியில் அசையும் பலகைகள் வைத்தால் நிமிர்த்தலாம் என்று பெல் யோசனை சொல்லியிருந்தார். அடுத்த விமானத்தில் அதைச் செய்தார்கள். ஒரு பக்கப் பலகை மேலே போனால் மறுபக்கப் பலகை கீழே வரும். ஓட்டுகிறவர் தமது உடம்பைச் சாய்த்தால் பலகைகள் அசையும். இன்றைய விமானங்களின் இறக்கை நுனியிலும் இந்த வகைப் பலகைகளைப் பார்க்கலாம். பிரான்ஸ் தேசத்தில் இதற்கு முன்பே சிலர் இதை முயன்றிருந்தார்கள். அமெரிக்காவில் பறந்த விமானத்துக்கு இது புதிது.

அந்த விமானம் பால்டுவினுடையது. வெள்ளைத் துணி போர்த்தியதால் வெள்ளைச் சிறகு. பனி உருகிவிட்டதால் மூன்று சக்கரங்கள் வைத்தார்கள். மே மாதம் 18-ந் தேதி பால்டுவின் பறந்தார். மறுநாள் செல்ப்ரிட்ஜ் பறந்தார். 21-ந் தேதி கர்ட்டிஸின் 30-வது பிறந்த நாள். அன்று அவர் 1,017 அடி பறந்தார். 23-ந் தேதி மக்கர்டியின் முறை. ஐந்நூறு அடிக்கு மேல் பறந்து, இறங்கும்போது விமானம் கவிழ்ந்தது.

மக்கர்டிக்குப் பெரிய காயமில்லை. ஆனால் சங்கத்தின் ஒரே விமானம் போயிற்று. அதற்காக அவரைத் தள்ளிவைத்தார்களா? இல்லை. அடுத்த விமானத்தின் வேலையை ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் நாலு பேரும் பறக்கக் கற்றுக்கொண்டதே அவர்களுக்குக் கிடைத்த லாபம்.

வெள்ளிக் கோப்பை

மூன்றாவது விமானம் கர்ட்டிஸுடையது. ஜூன் மாதத்தில் அந்தப் பக்கத்தில் வண்டுகள் நிறையப் பறக்கும். அதனால் பெல் அதற்கு ஜூன் வண்டு என்று பெயர் வைத்தார்.

முதலில் அது சரியாகக் கிளம்பவில்லை. துணியின் துளைகள் வழியே காற்று ஒழுகுவதைக் கண்டார்கள். மெழுகும் எண்ணெயும் மஞ்சள் காவியும் சேர்த்துத் துணிமேல் பூசினார்கள். வண்டு மஞ்சள் நிறமாயிற்று. நன்றாகவும் பறந்தது.

ஒரு கிலோ மீட்டர் தூரம் நேராகப் பறந்து காட்டுகிறவர்களுக்கு வெள்ளிக் கோப்பை தருவதாக சயன்டிபிக் அமெரிக்கன் என்ற பத்திரிகை அறிவித்திருந்தது. ஜூலை 4-ந் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம். ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கூட்டம் கூடிவிட்டது. கர்ட்டிஸ் கிளம்பினார். ஒரு கிலோ மீட்டர் என்பது 3,281 அடி. அவரோ 5,085 அடி பறந்தார்! நேரம் ஒரு நிமிஷம் 42½ விநாடி.

கோப்பை கர்ட்டிஸின் பெயருக்கு வந்தது. பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. ஒரு சங்கத்தில் இதுதான் சோதனையான நேரம். பெயர் ஒருவருக்குப் போகும்போது மற்றவர்களுக்கு மனக்கசப்பு வரலாம். வெளியிலிருந்தும் ஓர் எச்சரிக்கை வந்தது. அசையும் பலகைகள் தங்கள் பேட்டண்டுக்குள் அடங்கியவை என்று ரைட் சகோதரர்கள் கர்ட்டிஸுக்குக் கடிதம் எழுதினார்கள். பல வருஷம் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

பெல் தமது வக்கீல்களைக் கொண்டு எந்த அம்சம் சங்கத்தின் கண்டுபிடிப்பு என்று ஆராயச் சொன்னார். பிற்பாடு 1911-ல் சங்கத்தாருக்குக் கூட்டாகப் பேட்டண்ட் கிடைத்தது. அந்தக் கோடை முதல் ஒரு வாரப் பத்திரமும் தயாரித்தார். அந்த வாரம் யார் என்ன செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எல்லாம் டைப் அடித்து அங்கத்தினர்களுக்குப் போகும். ஒருவர் அறிந்ததை எல்லோரும் அறிய வேண்டும் என்பதே நோக்கம்.

செப்டம்பர் 17

அமெரிக்க ராணுவம் ரைட் சகோதரர்களிடம் ஒரு விமானம் வாங்க நினைத்தது. ஆர்வில் ரைட் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் போர்ட் மையர் என்ற ராணுவத் தளத்தில் பறந்து காட்டினார். பரிசோதிக்கும் அதிகாரிகளில் செல்ப்ரிட்ஜும் ஒருவர்.

1908 செப்டம்பர் 17-ந் தேதி செல்ப்ரிட்ஜ் ஆர்விலின் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தார். நடுவானில் விமானத்தின் சுழல்விசிறி ஒன்று உடைந்தது. விமானம் தலைகீழாக விழுந்தது. ஆர்வில் படுகாயத்தோடு பிழைத்தார். செல்ப்ரிட்ஜ் அன்று மாலையே இறந்தார். வயது 26. என்ஜின் வைத்த விமான விபத்தில் உலகத்தில் முதலில் உயிர் இழந்தவர் அவர்தான்.

பெல் தம்பதிகளுக்கு இரண்டு மகள்கள். பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் குழந்தைப் பருவத்திலேயே தவறிவிட்டன. சங்கத்து இளைஞர்களைத்தான் பிள்ளைகளாகப் பார்த்துவந்தார்கள். இப்போது அதிலும் ஒருவர் போனார்.

சங்கத்தின் ஒரு வருஷக் கெடு அந்த மாதத்தோடு முடிய இருந்தது. இத்தோடு போதும் என்று நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இன்னும் இரண்டு பேரின் வேலை பாக்கி இருந்தது. மக்கர்டியின் விமானம் முடியவில்லை. பெல்லின் புதிய பட்டமும் முடியவில்லை. மேபெல் மேலும் பணம் கொடுத்தார். சங்கத்தை ஆறு மாதம் நீட்டித்தார்கள்.

பனியின்மேல் வெள்ளி அம்பு

மக்கர்டியின் விமானத்துக்கு வெள்ளி நிறத் துணி. பெயர் வெள்ளி அம்பு. கர்ட்டிஸ் அதற்குப் புதிய என்ஜின் செய்து கொடுத்தார். ஹாமண்ட்ஸ்போர்ட்டில் பறந்து பார்த்த பிறகு, பிரித்துக் கட்டி ரயிலில் பாடெக்குக்கு அனுப்பினார்கள்.

பெல்லின் பட்டமும் அங்கே தயாராக இருந்தது. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே என்ஜின்தான்! 1909 பிப்ரவரியில் அந்த என்ஜினை முதலில் பட்டத்தில் பூட்டினார்கள். அது பனியில் ஓடியதே தவிர எழும்பவில்லை. என்ஜினைக் கழற்றி வெள்ளி அம்பில் பூட்டினார்கள்.

பிப்ரவரி 23-ந் தேதி. ஏரி கண்ணாடி போல உறைந்து கிடந்தது. பாடெக் ஜனங்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பனிச்சறுக்குச் செருப்போடு நின்றார்கள். மக்கர்டி ஏறினார். வெள்ளி அம்பு பனியை விட்டு எழும்பி, சுமார் அரை மைல் பறந்து, பத்திரமாக இறங்கியது. கனடா மண்ணில் முதன்முதலில் விமானம் பறந்தது அன்றுதான்.

மக்கர்டிக்கு உடனே இன்னொரு தடவை பறக்க ஆசை. பெல் தடுத்துவிட்டார். நல்லபடியாக முடிந்த நாளை நல்லபடியாகவே முடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மறுநாள் மக்கர்டி நாலரை மைல் சுற்றிப் பறந்தார்.

பெல்லின் பட்டத்தை மறுபடியும் முயன்றார்கள். மறுபடியும் அது எழும்பவில்லை. சங்கத்தில் எல்லோருடைய விமானமும் பறந்தது. தலைவருடையது மட்டும் என்ஜின் பலத்தில் பறக்கவே இல்லை.

சங்கம் கலைந்தது

மார்ச் 31-ந் தேதி இரவு பெல்லின் வீட்டில் கடைசிக் கூட்டம். பெல், பால்டுவின், மக்கர்டி மூவரே இருந்தார்கள். கர்ட்டிஸ் வேறொருவரோடு சேர்ந்து விமானக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். செல்ப்ரிட்ஜ் உலகத்தில் இல்லை. பேசி வைத்தபடி கெடு முடிந்தது. தீர்மானம் போட்டுச் சங்கத்தைக் கலைத்தார்கள்.

கர்ட்டிஸ் செய்த புதிய விமானத்தை நியூயார்க்கில் ஒரு விமானச் சங்கம் வாங்கியது. ரைட் சகோதரர்கள் கர்ட்டிஸ்மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது விமானங்கள் அவசரமாக வேண்டியிருந்தன. விமானக் கம்பெனிகள் பேட்டண்டுகளை ஒன்றாகப் போட்டுப் பொதுவில் பயன்படுத்த அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அதன் பிறகே அந்தச் சண்டை ஓய்ந்தது. பத்து வருஷத்துக்கு முன் ஐந்து பேர் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு ஒரு தேசமே வர வேண்டியதாயிற்று.

மௌனமான டெலிபோன்கள்

பால்டுவின் கடைசி வரை பெல்லை விட்டுப் பிரியவில்லை. இருவரும் சேர்ந்து தண்ணீரின்மேல் எழும்பி ஓடும் படகு செய்தார்கள். 1919-ல் அது மணிக்கு 70 மைலுக்கு மேல் ஓடியது. அந்த நாளில் அது உலக சாதனை. மக்கர்டி பிற்காலத்தில் தம் சொந்த மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் லெப்டினன்ட் கவர்னர் ஆனார். கர்ட்டிஸ் அமெரிக்காவின் பெரிய விமான முதலாளிகளில் ஒருவரானார்.

1922 ஆகஸ்டு 2-ந் தேதி பெல் பாடெக் வீட்டில் காலமானார். வயது 75. இரண்டு நாள் கழித்து, பட்டம் விட்ட அதே குன்றின்மேல் அவரை அடக்கம் செய்தார்கள். அப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் டெலிபோன்கள் எல்லாம் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றன. ஐந்து மாதம் கழித்து மேபெலும் கண்ணை மூடினார். கணவருக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம் கிடைத்தது.

டெலிபோன் பெல்லின் பெயரைச் சொல்கிறது. பறக்கும் சங்கம் அப்படிச் சொல்வதில்லை. அதில் புகழ் இளைஞர்களுக்குப் போயிற்று, பணம் மனைவியினுடையது, அவருடைய சொந்தப் பட்டமோ தோற்றது. ஆயினும் ஒவ்வொருவருக்கும் அவரவர் முறை கிடைக்கும்படி பார்த்துக்கொண்டவர் அவர். கூட்டாக ஒரு பொருளை வைத்து நடத்துகிறவர்கள், அது விமானமானாலும் சரி, ஊர்க் கிணறானாலும் சரி, பெல்லிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.